ஸ்லைடில் பட்டியல் இடைவெளி: வரிவரியாகத் தள்ள வேண்டாம், ஒரே இடத்தில் வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் வட்டாரக் கல்லூரிகளில் புராஜெக்ட் வைவா சீசன் வந்தால், எந்தத் துறை அரங்கிலும் ஒரே குறையைப் பார்க்கலாம். மாணவர் நன்றாக உழைத்திருப்பார், விஷயமும் சரியாக இருக்கும். ஆனால் முதல் ஸ்லைடில் ஏழு வரி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். அடுத்ததில் மூன்றே வரி, நடுவில் தனியாக நிற்கும். அதற்கடுத்ததில் கடைசி வரி பாதி அடிப்பட்டைக்குள் போயிருக்கும். பத்திரிகைகளின் கல்விப் பக்கங்களில் மேடையில் எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்றெல்லாம் அறிவுரை வருகிறது. பட்டியலில் ஒரு ஐட்டத்துக்கும் அடுத்த ஐட்டத்துக்கும் நடுவே எவ்வளவு இடம் விடுவது, அதை எங்கே எழுதுவது என்பதை மட்டும் யாரும் எழுதக் காணோம். அதற்காகவே இந்தக் கடிதம்.

பொறியியல், கணிதம், இயற்பியல் துறைகளில் சமன்பாடுகள் நிறைய வருவதால் கட்டளைகளை எழுதிப் பக்கம் அமைக்கும் லேட்டெக் மென்பொருளில், பீமர் என்ற ஸ்லைடு தொகுப்பை வைத்து ஸ்லைடு செய்வது பழகிவிட்டது. டில் டான்டாவ் 2003 பிப்ரவரியில் தம் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வுக்காக எழுதியது பீமர். இங்கே கட்டளைப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் அவற்றை ஆங்கில எழுத்தில், முன்னால் பின்சாய்கோடு போட்டு அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில், பீமர் தானாக என்ன இடைவெளி விடுகிறது? முதல் நிலைப் பட்டியலில் ஐட்டங்களுக்கு நடுவே 3 பாயின்ட், தேவைப்பட்டால் 2 பாயின்ட் கூடலாம், 3 பாயின்ட் வரை குறையலாம். அதாவது இடம் போதாவிட்டால் இடைவெளி பூஜ்யம்வரை சுருங்கும். உள்ளே இன்னொரு பட்டியல் போட்டால் அதில் ஐட்டங்களுக்கு நடுவே விடுவது இயல்பாகவே 0 பாயின்ட்தான். எழுத்து 11 பாயின்ட்டில் இருக்கும்போது வரிக்கு வரி தூரம் 13.6 பாயின்ட். இரண்டு வரி ஓடும் ஐட்டத்துக்குள் இருக்கும் தூரத்துக்கும், அடுத்த ஐட்டம் தொடங்கும் தூரத்துக்கும் வித்தியாசம் வெறும் 3 பாயின்ட், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவருக்கு ஐட்டம் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்று புல்லட்டைத் தேடித்தான் தெரியும். உள்பட்டியலில் அந்த ஒரு மில்லிமீட்டரும் கிடையாது.

இதைச் சரிசெய்ய மாணவர்கள் கையாளும் வழிகள்தான் சிக்கலின் வேர். சிலர் கோப்பில் ஐட்டங்களுக்கு நடுவே இரண்டு மூன்று வெற்று வரி விடுவார்கள். வேர்டில் அது வேலை செய்யும். லேட்டெக்கில் எத்தனை வெற்று வரி விட்டாலும் பத்தி முடிந்தது என்று மட்டுமே பொருள், இடைவெளி நகராது. சிலர் ஒவ்வொரு ஐட்டத்துக்குப் பின்னும் விஸ்பேஸ் (மேலும் கீழுமாக இடம் விடும் கட்டளை) போட்டு, இங்கே 4, அங்கே 10, இன்னோரிடத்தில் மைனஸ் 6 என்று தள்ளுவார்கள். அன்று மாலை ஸ்லைடு அழகாகத்தான் இருக்கும். மறுநாள் வழிகாட்டி ஒரு வரி சேர்க்கச் சொன்னால் எல்லா எண்களையும் திரும்பப் போட வேண்டும். நாற்பது ஸ்லைடில் நாற்பது விதமான இடைவெளி வருவது இப்படித்தான்.

இடைவெளிக்குரிய கட்டளை ஐட்டம்செப். ஒரே ஒரு பட்டியலுக்கு மட்டும் மாற்றம் வேண்டுமென்றால், பிகின் ஐட்டமைஸ் என்ற வரிக்குப் பிறகு, முதல் ஐட்டத்துக்கு முன், செட்லெங்த் கட்டளையால் ஐட்டம்செப்புக்கு 8 பாயின்ட் கொடுங்கள். பிகின் வரிக்கு முன்னால் எழுதினால் பலன் இல்லை. பட்டியல் தொடங்கும் கணத்தில் அந்த நிலைக்குரிய அளவுகளை லேட்டெக் புதிதாக ஏற்றுகிறது, நீங்கள் வைத்தது அழிந்துபோகும். கோப்பின் முன்பகுதியில் (பிகின் டாக்குமென்ட் வரிக்கு முன்) செட்லெங்த் எழுதிவிட்டு "மாறவே இல்லையே" என்று கேட்பவர்கள் எல்லோருக்கும் காரணம் இதுதான். பட்டியல் தொடங்கும்போது தானாக ஓடும்படி கட்டளைகளை மாட்டிவைக்கும் பிகின் என்விரான்மென்ட் கொக்கிகளும், பீமரின் பட்டியல் உடல் தொடக்க டெம்ப்ளேட்டும் இதே காரணத்தால் உதவாது. அவையும் பட்டியல் அளவுகள் ஏறுவதற்கு முன்பே ஓடிவிடுகின்றன.

ஐட்டமைஸ் கட்டளையைப் பழைய பெயரில் எடுத்துவைத்துக்கொண்டு, புதிதாக வரையறுத்து, அதன் வாலில் ஐட்டம்செப்பை ஒட்டும் தந்திரமும் புழக்கத்தில் இருக்கிறது. சாதாரணக் கட்டுரைக் கோப்பில் ஓடும். பீமரில் ஐட்டங்கள் ஒவ்வொன்றாக வர, பிகின் ஐட்டமைஸுக்குப் பக்கத்திலேயே சதுர அடைப்புக்குள் கூட்டல் கழித்தல் குறி போடுவோமே, அந்த அடைப்பைப் பழைய கட்டளையால் பார்க்க முடியாது, நடுவில் செட்லெங்த் வந்து நிற்கிறது. விளைவு, அடைப்புக்குறியே ஸ்லைடில் எழுத்தாக அச்சாகும். ஈனம்ஐட்டம் தொகுப்பைச் சேர்ப்பதும் வேண்டாம். கட்டுரைக்கு அது அருமையான தொகுப்பு. பீமரில் பட்டியலின் வடிவை அது தன் கைக்கு எடுத்துக்கொள்வதால், தீமின் வண்ணப் புல்லட்டுகள் காணாமல் போகும்.

மொத்த ஸ்லைடுகளுக்கும் ஒரே அளவு வைக்கச் சரியான இடம், லேட்டெக் தன் அளவுகளை எடுக்கும் அதே இடம்தான். முன்பகுதியில் மேக்அட்லெட்டர் என்று திறந்து, முன்னால் அட் குறியுடன் கூடிய லிஸ்ட்ஐ என்ற கட்டளையை டெஃப் கொண்டு திரும்ப வரையறுங்கள். அதற்குள் நான்கு விஷயங்கள் வரும். லெஃப்ட்மார்ஜினுக்கு லெஃப்ட்மார்ஜின்ஐ என்ற மதிப்பு, டாப்செப்புக்கு (பட்டியலுக்கு மேலும் கீழும் உள்ள இடம்) 4 பாயின்ட், பார்செப்புக்கு (ஐட்டத்துக்குள் பத்திகளுக்கு நடுவே உள்ள இடம்) 0, ஐட்டம்செப்புக்கு 8 பாயின்ட் மைனஸ் 4 பாயின்ட். முதல் வரியை வேண்டாதது என்று விட்டுவிடாதீர்கள், உள்தள்ளலைத் தருவது அதுதான். இரண்டாம் நிலைக்கு லிஸ்ட்ஐஐ என்பதை இதேபோல் வரையறுத்து, லெஃப்ட்மார்ஜின்ஐஐ போட்டு, ஐட்டம்செப்பை 3 பாயின்ட் மைனஸ் 2 பாயின்ட் ஆக்குங்கள். பிறகு, கடைசி ஐ பெரிய எழுத்தில் இருக்கும் லிஸ்ட்ஐ என்று இன்னொன்று உண்டு. லெட் கட்டளையால் அதையும் புதியதற்குச் சமமாக்கிவிட்டு மேக்அட்அதர் போட்டு மூடுங்கள். இந்தக் கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்லைடில் எங்காவது நார்மல்சைஸ் கட்டளை ஓடினால், பெரிய எழுத்துப் பிரதியிலிருந்துதான் அளவு திரும்ப எடுக்கப்படும். அப்போது பாதி ஸ்லைடில் புதிய இடைவெளியும் பாதியில் பழையதும் வரும், காரணமும் பிடிபடாது.

எண்ணிட்ட பட்டியலும் இதே அளவைத்தான் எடுக்கும் என்பது கூடுதல் லாபம். மேற்கோள் நூற்பட்டியலும் பட்டியல்தான், அதன் இடைவெளியும் சேர்ந்து மாறும். அந்த ஒரு ஸ்லைடில் மட்டும் இடம் போதவில்லை என்றால் அங்கே தனியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அளவில் வரும் மைனஸ் 4 பாயின்ட் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். வெறும் 8 பாயின்ட் என்று எழுதினால் அது இரும்பு அளவு, ஸ்லைடு நிரம்பினாலும் சுருங்காது, கடைசி வரி வெளியே வழியும். மைனஸ் போட்டால், நிரம்பும்போது ஒவ்வொரு இடைவெளியும் அந்த எல்லைக்குள் தானே ஒடுங்கிக் கொடுக்கும். பிளஸ் போடுவதால் சாதாரண ஸ்லைடில் பெரிய பயன் இல்லை. பீமர் உள்ளடக்கத்தை நடுவில் நிறுத்துவதற்காக மேலேயும் கீழேயும் எல்லையில்லாமல் விரியும் வெற்றிடம் வைத்திருக்கிறது. மிச்ச இடம் முழுவதையும் அது விழுங்கிவிடும், உங்கள் 2 பாயின்ட் விரிவுக்கு வேலையே வராது.

இதை ஒரு கணக்கில் பார்ப்போம். 16:9 அளவில் பீமர் ஸ்லைடு 160 மில்லிமீட்டர் அகலம், 90 மில்லிமீட்டர் உயரம். உயரம் 256 பாயின்ட். தலைப்புக்கும் அடிப்பட்டைக்கும் போக, தீமைப் பொறுத்து, 200 பாயின்ட் போல மிஞ்சும் என்று வைத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 13.6 பாயின்ட்டுக்கு ஒரு வரி என்றால் பதினான்கு வரி பிடிக்கும். தமிழில் அப்படிப் பிடிக்காது, பிடிக்க வைக்கவும் கூடாது.

ஏற்காட்டில் காப்பி விவசாயிகளுக்கான பயிற்சி வகுப்பில் பதப்படுத்துதல் பற்றி ஒரு ஸ்லைடு என்று கொள்ளுங்கள். பறித்த பழத்தை அன்றே பல்ப்பரில் போட்டுத் தோல் நீக்கவும். கொழகொழப்பு நீங்கும்வரை தொட்டியில் ஊறவிடவும். சுத்தமான தண்ணீரில் அலசவும். களத்தில் பரப்பி அடிக்கடி கிளறி உலர்த்தவும். ஈரம் சரியான அளவுக்கு இறங்கியபின் சாக்கில் கட்டவும். ஐந்து ஐட்டம், விளக்கத்தோடு ஒவ்வொன்றும் இரண்டு வரி. தமிழ் எழுத்தில் மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழியும் நிற்கும். கீழே 'கூ', 'மூ', 'ழு' போன்றவற்றின் வால் இறங்கும். மேல் வரியின் வாலும் கீழ் வரியின் புள்ளியும் ஒட்டிக்கொண்டால், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு எது எதன் புள்ளி என்று பிரியாது. எனவே வரித் தூரத்தை முதலில் கூட்டியாக வேண்டும். லைன்ஸ்பிரெட் கட்டளையில் 1.25 கொடுத்து முன்பகுதியில் எழுதுங்கள். வரி 17 பாயின்ட் ஆகும். ஸ்லைடின் நடுவில் எழுதினால் அடுத்ததாக செலக்ட்ஃபான்ட் போடாமல் அது அமலுக்கு வராது.

பத்து வரிக்கு 170 பாயின்ட். நான்கு இடைவெளி, எட்டு எட்டாக 32. மொத்தம் 202. இரண்டு பாயின்ட் அதிகம். இங்கேதான் மைனஸ் கை கொடுக்கிறது. நான்கு இடைவெளியும் ஆளுக்கு அரை பாயின்ட் விட்டுக்கொடுத்தால் ஸ்லைடு அடங்கிவிடும், பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆறாவது ஐட்டம் சேர்த்தால் வரிகளே 204 பாயின்ட், இடைவெளி முழுவதையும் பிடுங்கினாலும் கொள்ளாது. அப்போது செய்ய வேண்டியது ஸ்லைடை இரண்டாக்குவது. உலர்த்துவதும் சாக்கில் கட்டுவதும் அடுத்த ஸ்லைடுக்குப் போகட்டும்.

வரித் தூரத்தைக் கூட்டாமல் விட்டால் இன்னொரு வேடிக்கையும் நடக்கும். இரண்டு வரிகள் மோதும் என்று லேட்டெக்கின் அடியில் இயங்கும் டெக் கணித்தால், வழக்கமான தூரத்தை விட்டுவிட்டு, நடுவே 1 பாயின்ட் மட்டும் வைத்து வரியைக் கீழே தள்ளும். உயரமான எழுத்து வந்த வரி மட்டும் தள்ளி நிற்கும், மற்றவை பழைய தூரத்தில் இருக்கும். ஒரே ஐட்டத்துக்குள் வரிகள் ஏறுமாறாகத் தெரிவதற்கு இது காரணம். இதை விஸ்பேஸ் கொண்டு சரிசெய்ய முயன்றால் நாள் முழுக்க அதே வேலைதான்.

தமிழ் எழுத்துரு பற்றி ஒரு வார்த்தை. ஸீலேட்டெக் அல்லது லுவாலேட்டெக்கில் கம்பைல் செய்யுங்கள். பீமர் இயல்பாக எடுப்பது சான்ஸ் எழுத்து. செட்மெயின்ஃபான்ட்டில் மட்டும் நோட்டோ தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் ஸ்லைடில் தமிழ் வராது. செட்சான்ஸ்ஃபான்ட்டில் கொடுத்து, ஸ்கிரிப்ட் தமிழ் என்ற விருப்பத்தையும் சேர்க்க வேண்டும். லுவாலேட்டெக் என்றால் ரெண்டரருக்கு ஹார்ஃப்பஸ். இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறி உட்காரும்.

ஐட்டங்களை ஸ்லைடு உயரம் முழுக்கப் பரப்ப வேண்டுமானால் ஐட்டம்செப்புக்கு ஃபில் என்ற மதிப்பைக் கொடுக்கலாம். மூன்று, நான்கு ஒற்றை வரி ஐட்டம் உள்ள முடிவுரை ஸ்லைடுக்கு அது நன்றாக இருக்கும். எல்லா ஸ்லைடுக்கும் வைத்தால் ஒன்றில் ஆகாயம், ஒன்றில் நெரிசல் என்று ஆகும். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. காலம்ஸ் போட்டு ஒரு பக்கம் படம், ஒரு பக்கம் பட்டியல் வைக்கும்போது ஃபில் வேலையே செய்யாது. காலத்துக்கென்று நிர்ணயித்த உயரம் இல்லை, உள்ளே இருப்பதன் உயரம்தான் அதன் உயரம், விரிவதற்கு இடமே கிடையாது. காலத்துக்குள் உயரம் குறித்த மினிபேஜ் ஒன்று வைத்தால்தான் விரியும். அதே காலம்ஸில், படம் மேலே நிற்க, பட்டியல் படத்தின் அடிக்கு நேராக இறங்கிப்போவதையும் பார்க்கலாம். விருப்பத்தில் சிறிய டி எழுத்துக்குப் பதில் பெரிய டி போட்டால் இரண்டின் தலையும் சமமாகும்.

ஐட்டங்களை ஒவ்வொன்றாகக் காட்டும்போது முன்னால் வந்த வரிகள் ஸ்லைடுக்கு ஸ்லைடு குதிப்பது இன்னொரு தொல்லை. ஒன்லி கட்டளை, காட்டாத பகுதிக்கு இடமே ஒதுக்காது. உள்ளடக்கம் நடுவில் நிறுத்தப்படுவதால், ஒரு வரி சேரும்போதெல்லாம் மொத்தமும் அரை வரி மேலே நகரும். அன்கவர் போட்டால் இடம் முன்கூட்டியே ஒதுக்கப்படும், குதிக்காது. டாக்குமென்ட்கிளாஸ் விருப்பத்திலேயே சிறிய டி போட்டு எல்லா ஸ்லைடையும் மேலிருந்து தொடங்க வைப்பது எங்கள் பரிந்துரை. தலைப்பிலிருந்து முதல் ஐட்டம் எப்போதும் ஒரே தூரத்தில் இருந்தால் பார்ப்பவர் கண்ணுக்குத் தேடுகிற வேலை மிச்சம்.

ஐட்டத்துக்குள் தனி வரிச் சமன்பாடு எழுதுபவர்கள், சமன்பாட்டுக்கு முன் கோப்பில் வெற்று வரி விடாதீர்கள். பத்தி அங்கே முடிந்து, சமன்பாட்டுக்கு மேல் ஒரு வரி அளவு காலியிடம் தேவையில்லாமல் முளைக்கும்.

இடம் போதாதபோது பலர் கைவைப்பது ஷ்ரிங்க் விருப்பத்தில். அது அந்த ஒரு ஸ்லைடின் எழுத்தையும் சேர்த்துச் சிறிதாக்கும். அடுத்த ஸ்லைடில் எழுத்து திடீரென்று பெரிதாகும். பீமரின் கையேடே அதை வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஸ்குவீஸ் விருப்பம் அந்த அளவுக்கு மோசமில்லை. எழுத்தைத் தொடாமல் பட்டியல் இடைவெளியை மட்டும் பூஜ்யமாக்கும். ஆனால் மைனஸ் போட்ட அளவு இருந்தால் அதற்கும் அவசியம் வராது. அலவ்ஃபிரேம்பிரேக்ஸ் நூற்பட்டியலுக்கு மட்டும். ஒவ்வொன்றாகக் காட்டும் வேலை அதில் நடக்காது, நீங்கள் ஃபிரேம்பிரேக் கட்டளை போடாவிட்டால் எங்கே வெட்டுவது என்பதையும் அதுவே முடிவு செய்துவிடும்.

பவர்பாயின்ட் பயன்படுத்துவோருக்கும் கோட்பாடு இதுவே, இடம்தான் வேறு. வியூ மெனுவில் ஸ்லைடு மாஸ்டரைத் திறந்து, பாரகிராஃப் பெட்டியில் பிஃபோர், ஆஃப்டர், லைன் ஸ்பேசிங் மூன்றையும் ஒருமுறை வையுங்கள். 2013 முதல் வந்த ஆபீஸ் தீமில் வரித் தூரம் இயல்பாகவே 0.9 மடங்கு, முதல் நிலை ஐட்டத்துக்கு முன் 10 பாயின்ட், உள்நிலைகளுக்கு 5 பாயின்ட். அந்த 0.9 ஆங்கில எழுத்துக்குப் பொருந்தும், தமிழுக்கு ஆகாது. மல்டிப்பிள் 1.0 அல்லது 1.1 ஆக்குங்கள். எக்ஸாக்ட்லி வேண்டாம். எழுத்து அளவை மாற்றினாலும் வரித் தூரம் அசையாமல் நின்று எழுத்துகள் ஒன்றையொன்று மிதிக்கும். எழுத்தைத் தானாகச் சுருக்கும் ஆட்டோஃபிட்டை அணைத்துவிடுங்கள், அது ஷ்ரிங்கின் உடன்பிறப்பு. என்டர் தட்டி இடைவெளி உண்டாக்கும் பழக்கத்தை இங்கேயும் விட வேண்டும்.

துறைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களுக்கு வழங்கும் டெம்ப்ளேட் கோப்பில் கல்லூரிச் சின்னமும் வண்ணப் பட்டையும் மட்டும் வைத்தால் போதாது. மேலே சொன்ன பட்டியல் அளவுகள், லைன்ஸ்பிரெட், டி விருப்பம், தமிழ் எழுத்துரு வரி எல்லாம் அதிலேயே இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து வரிதான். சமர்ப்பிக்கும் பிடிஎஃப்புடன், கம்பைல் செய்யும்போது உருவாகும் லாக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அதில் ஓவர்ஃபுல் விபாக்ஸ் என்று தேடினால், எந்த வரிக்கருகில் எத்தனை பாயின்ட் வழிந்தது என்று எண்ணோடு கிடைக்கும். இரண்டு மூன்று பாயின்ட் என்றால் ஒரு ஐட்டத்தில் ஒரு சொல்லைக் குறைத்து இரண்டாம் வரியை ஒழிக்கலாம். இருபதுக்கு மேல் என்றால் ஸ்லைடைப் பிரிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஆவண வடிவமைப்பு கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்,
அஸ்தம்பட்டி, சேலம்.